பட்டாளத்தார் வீடு எது? செட்டிநாட்டில் போரிலிருந்து திரும்பியவர்களின் நினைவைத் திரட்டுவது

செட்டிநாட்டு ஊர்களில் ‘பட்டாளத்தார் வீடு’ எது என்று கேட்டால் இன்றைக்கும் கை நீட்டிக் காட்ட ஒருவர் இருப்பார். ‘மிலிட்டரிக்காரர் வீடு’, ‘பர்மாக்காரர் வீடு’, ‘சிங்கப்பூரார் வீடு’ என்றும் பெயர் நின்றுபோன வீடுகள் உண்டு. ஆள் போய் ஐம்பது வருடம் ஆகியிருக்கும், வீடும் கைமாறியிருக்கும், பெயர் மட்டும் மாறாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களைப் பற்றிய நினைவைத் திரட்ட வருகிறவர்களுக்கு இந்த வீட்டுப் பெயர்கள்தான் முதல் பட்டியல். முதல் குழப்பமும் இவற்றிலேயே இருக்கிறது. வெவ்வேறு வழியில், வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு காரணத்துக்காகத் திரும்பிய நான்கு வகை ஆட்களை ஊர் ஒரே பேச்சில் ‘யுத்தத்துல இருந்து வந்தாக’ என்று சொல்லிவிடுகிறது. யார் எந்த வகை என்று பிரிக்காமல் நூறு மணி நேரம் ஒலிப்பதிவு செய்தாலும் அது கதைக் குவியலாகவே நிற்கும்.

முதல் வகை, பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் இருந்து முறையாக விடுவிக்கப்பட்டவர்கள். அந்தப் படையில் போர் முடியும்போது சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். தென்னாட்டிலிருந்து போனவர்களில் பலர் சாப்பர் (படைப் பொறியாளர்), பயனியர் (படைக்கு வேலை செய்யும் உழைப்புப் பிரிவு), சரக்கு வண்டி, மருத்துவம், தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளில் இருந்தவர்கள். மதராஸ் ரெஜிமென்ட்டே 1920களில் கலைக்கப்பட்டுப் போரின் நடுவில்தான் மறுபடி எழுப்பப்பட்டது. ஜப்பான் 1945 ஆகஸ்ட் 15 அன்று பணிந்தது என்றாலும் அன்றைக்கே யாரும் பெட்டியைக் கட்டவில்லை. இந்தியப் படைப்பிரிவுகள் அதற்குப் பிறகு ஜாவாவுக்குப் போயின, 1946இல் ஜப்பானுக்கும் போயின. ஆகவே ஊர் வந்து சேர்ந்தது 1946, சிலருக்கு 1947. ‘யுத்தம் முடிஞ்ச கையோட வந்துட்டாக’ என்று பேரன் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளலாம், தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, கைதிகள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது சரணடைந்தவர்களில் பாதி அளவு இந்தியச் சிப்பாய்கள். அவர்களில் இந்திய தேசிய இராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர மறுத்தவர்களில் சிலரை ஜப்பானியர் நியூகினி வரைக்கும் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் போர் முடிந்தபின்தான் மீட்கப்பட்டார்கள்.

மூன்றாவது வகை ஐ.என்.ஏ.காரர்கள். இதற்குள்ளேயே இரண்டு பிரிவு. இராணுவத்திலிருந்து போய்ச் சேர்ந்தவர்களை ஜிங்கர்கச்சா, நீல்கஞ்ச், முல்தான் போன்ற முகாம்களில் வைத்து விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். கறுப்பு என்று முத்திரை விழுந்தவர் சம்பள பாக்கியை இழந்து, வேலை நீக்கப்பட்டு ஊர் வந்தார். இன்னொரு பிரிவு, மலாயாவில் தோட்டத்திலோ கடையிலோ கிட்டங்கியிலோ (செட்டியார்கள் தொழில் நடத்திய இடம்) இருந்து 1943க்குப் பிறகு நேரடியாகச் சேர்ந்தவர்கள். இவர்கள் பிரிட்டிஷ் படையில் ஒருநாளும் இருந்ததில்லை, ஆகவே படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகமும் கிடையாது. போருக்குப் பின் கப்பல் ஓடத் தொடங்கியதும் சாதாரணப் பயணிகளாகச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இறங்கினார்கள். ‘ரஜூலா’ என்ற கப்பல் பெயர் பேச்சில் வந்தால் அது பெரும்பாலும் இந்த மலாயா வழி.

நான்காவது, சிப்பாயே அல்லாதவர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்ததும் கிளம்பி, கப்பல் கிடைத்தவர் கப்பலிலும், கிடைக்காதவர் புரோம், டவுங்கப் வழியாக அரக்கானுக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தே வந்தவர்கள். கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போயிருந்த நகரத்தார் (செட்டியார்கள்), அவர்களிடம் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் சமையலாளாகவும் இருந்தவர்கள் எல்லோரும் இதில் உண்டு. இது போருக்குப் பிந்திய திரும்பல் அல்ல, போரின் நடுவில் நடந்தது. மூன்றாம் தலைமுறைப் பேச்சில் இந்த நடைதான் மிக எளிதாகச் சிப்பாய்க் கதைக்குள் புகுந்துகொள்கிறது. காட்டு வழியும் பசியும் அட்டைக்கடியும் இரண்டு கதைக்கும் பொதுதானே.

பிரித்தபின் அடுத்த கேள்வி, எங்கே தேடுவது. செட்டிநாட்டின் நிலைமை தனி. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நகரத்தார் அல்லர், பெரிய வீடுகளைச் சுற்றியிருந்த ஊர்களின் உழவுக் குடும்பங்களும் கூலிக் குடும்பங்களும்தான். அவர்களுடைய கூரை வீடுகளில் காகிதம் தங்கவில்லை. காகிதம் தங்கியது பெரிய வீட்டில்: இரண்டாம் கட்டு அறையில், ரங்கூன் தேக்குப் பெட்டியில், பேரேடும் கடிதக் கட்டுமாக. சிப்பாய் வெளியூரிலிருந்து அனுப்பிய மணியார்டர் பணம் கடன் அடைக்கவோ வட்டிக்குக் கொடுத்து வைக்கவோ செட்டியார் கணக்குக்குப் போயிருந்தால், அவர் பெயர் அங்கே ஒரு வரவு வரியாக இருக்கும். நினைவு சின்ன வீட்டில், எழுத்து பெரிய வீட்டில். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிற திரட்டு பாதித் திரட்டுத்தான். ஒரு எச்சரிக்கை: வீட்டு முகப்பிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் துப்பாக்கியோடு நிற்கும் சுதைச் சிப்பாய்களைப் பார்த்து நினைவுச் சின்னம் என்று எழுதிவிடாதீர்கள். அவை அலங்காரம், பல இந்தப் போருக்கு முந்தியவை.

பேரேட்டைப் படிக்கப் பழகாதவர்கள் தடுமாறுவது தேதியிலும் குறியீட்டிலும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்ணைப் பழைய முறையில் ௲௯௱௪௰௫ என்று எழுதியிருந்தால் 1945. தொகை ரூபாய், அணா, பையில் இருக்கும்: 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. வருடம் தமிழ்ப் பெயரில் வரும்: விஷு 1941-42, சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46, விய 1946-47. வருடம் சித்திரையில் பிறப்பதால் ‘பார்த்திப மாசி’ என்றால் அது 1946 பிப்ரவரி-மார்ச். பார்த்திபவை 1945 என்று மட்டும் மாற்றி எழுதிவிட்டால், படையிலிருந்து விடுபட்டு வந்தவரை ஜப்பான் பணிவதற்கு முன்னாலேயே ஊருக்கு வரவைத்துவிடுவோம். இந்தப் பிழை சாதாரணமாக நடக்கிறது.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பிரிவு அப்போது கிடையாது. காரைக்குடிப் பக்கம் இராமநாதபுரம் ஜில்லாவின் திருப்பத்தூர் தாலுகா, தேவகோட்டை திருவாடானை தாலுகா. பொன்னமராவதி, ராங்கியம், நச்சாந்துபட்டி, அரிமளம் எல்லாம் 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானம். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்து ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேர் இராணுவத் தாளில் இரண்டு வேறு அரசின் ஆட்களாக இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதிய ‘திருப்பத்தூர்’ வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூராகவும் இருக்கலாம். ஜில்லா பெயர் இல்லாத பதிவை நம்ம ஊர் ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கருப்பையா, கருப்பன், காத்தான் போன்ற பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். எனவே தகப்பன் பெயர், ஊர், தாலுகா மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள்.

வீட்டில் தேட வேண்டிய பொருள்களில் முதலிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு. படை எண், பிரிவு, தொழில், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், விடுபட்ட காரணம், நடத்தை, பதக்கம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இராணுவத்தில் இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் கற்றுக்கொடுத்ததால் சில குறிப்புகள் ஆங்கில எழுத்தில், ஆனால் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்கும். புரியவில்லை என்று விட்டுவிடாமல் உருதோ இந்தியோ தெரிந்தவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். கடிதம் இருந்தால் உறையைத் தனியாகப் படம் எடுங்கள். களத் தபால் நிலைய முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த நிலையம் படையோடு இடம் பெயரும். அதனால் எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடிதம் எகிப்திலிருந்து வந்ததா, அஸ்ஸாமிலிருந்தா என்று தெரியும். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்திருந்தால் பாதி செய்தி போயிற்று.

பதக்கங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கெடுப்பது நாமேதான். இந்திய வீரர்களுக்குக் கொடுத்த 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இவற்றின் பின்பக்கத்தில் படை எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களில் அது விளிம்பில் இருக்கும். ஆயுதபூஜைக்குப் பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து இந்த எழுத்துதான் முதலில் அழிகிறது. மெல்லிய ஈரமில்லாத துணியால் தூசியைத் தட்டினால் போதும். எழுத்து மங்கியிருந்தால் தேய்க்காமல், இருட்டு அறையில் டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் பள்ளத்தின் நிழல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். பதக்கம் எந்தக் களம் என்று சொல்லும், சண்டை போட்டாரா என்று சொல்லாது. பர்மா ஸ்டார் சமையல்காரருக்கும் உண்டு.

தாள்களை லேமினேஷன் செய்வது, செல்லோடேப் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிட்டு, மடிப்பை மெல்ல நீவி, 400 டிபிஐயில் தாளையும் 600 டிபிஐயில் புகைப்படத்தையும் ஸ்கேன் செய்து, மூலத்தை அங்கேயே அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ‘ரெண்டு நாள்ல தாறோம்’ என்று வாங்கிப் போன பொருள் திரும்பாத அனுபவம் இல்லாத ஊர் இல்லை. வாழை மரம் போட்ட ஜப்பானிய டாலர் நோட்டு கிடைத்தால் மகிழலாம், ஆனால் அது ஐ.என்.ஏ.வுக்குச் சாட்சி ஆகாது. ஆக்கிரமிப்புக் கால மலாயாவில் இருந்த யார் கையிலும் அது இருந்தது.

இனி நினைவு. அது ஏன் வளைகிறது என்று தெரியாமல் கேட்கப் போவதில் பயனில்லை. 1942 ஆகஸ்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில், தேவகோட்டையில் நீதிமன்றம் எரிக்கப்பட்டது, திருவாடானைச் சிறை உடைக்கப்பட்டது, துப்பாக்கிச்சூடு நடந்தது. அதே நாட்களில் இதே ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளைக்காரன் சீருடையில் வடக்கே இருந்தார்கள். அவர்கள் திரும்பியபோது ஐ.என்.ஏ. அதிகாரிகள் மேல் டில்லிச் செங்கோட்டையில் நடந்த வழக்கு முடிந்து, நாடெங்கும் ஐ.என்.ஏ.காரருக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது. சாதாரணச் சிப்பாய் பேசாமல் இருந்துவிட்டார். 1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கி, அதில் ஐ.என்.ஏ.வும் சேர்ந்தபின், பேசாதிருந்த வீட்டிலும் ‘எங்க அய்யா நேதாஜி படை’ என்ற பேச்சு எழுந்தது. எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. அண்ணன் பிரிட்டிஷ் படையிலும் தம்பி மலாயாவில் நேதாஜி படையிலும் இருந்து, இரண்டு பேரும் பேரனுக்கு ஒரே ஆளாகிவிட்ட வீடு இருக்கலாம். ஐ.என்.ஏ. கதை சொல்லும் வீட்டில் நல்நடத்தை எழுதிய டிஸ்சார்ஜ் புத்தகமும் பர்மா ஸ்டாரும் இருந்தால் இரண்டு ஆட்களைத் தேடுங்கள். கதையை மறுக்க வேண்டாம். ‘அவுக கூடப் பெறந்தவுக யாரு போனாக?’ என்று ஒரு கேள்வி போதும்.

யாரைக் கேட்பது? 1945இல் இருபது வயதானவர் இன்றைக்கு நூறைத் தொட்டிருப்பார். நமக்குக் கிடைப்பவர்கள் அன்றைக்கு எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். குழந்தைக்குப் போர்முனை தெரியாது, அப்பா வந்த நாள் தெரியும். ஆகவே ‘போரைப் பற்றிச் சொல்லுங்க’ என்று தொடங்கினால் சினிமாவில் பார்த்ததுதான் வரும். எந்த ஸ்டேஷன்ல எறங்குனாக? காரைக்குடியா, செட்டிநாடா, தேவகோட்டை ரோடா? அங்கேயிருந்து எப்படி வந்தாக? பெட்டியில என்ன இருந்துச்சு? மொதல்ல கோயிலுக்குப் போனாகளா, வீட்டுக்கு வந்தாகளா? ராத்திரி தூக்கத்துல சத்தம் போடுவாகளா? இப்படிக் கேட்டால் ஓடி வரும். ‘ஒடம்பெல்லாம் மஞ்சளா வந்தாக, காமாலைன்னு பயந்தோம்’ என்பது அப்படி வரக்கூடிய ஒரு துணுக்கு. மலேரியாவுக்குப் பர்மா முனையில் கொடுத்த மெப்பாக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கும். சொன்னவர் அறியாமலே அப்பா இருந்த களத்தைச் சொல்லியிருக்கலாம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்ட கிடா, அய்யனாருக்கு எடுத்த மண்குதிரை, கோயில் மணியிலும் படியிலும் பொறித்த உபயப் பெயர் இவற்றைக் கேட்க மறந்துவிடக் கூடாது. நேர்த்திக்கடன் செலுத்திய திருவிழா எதுவென்று தெரிந்தால் மாதம் தெரிந்துவிடும்.

வருடத்தை நேராகக் கேட்டால் வராது. ஓட்டைக் காலணா வந்த பிறகா (1943 முதல்), ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோதா (1946 ஜனவரி), காந்தி மதுரைக்கு வந்த சமயமா (1946 பிப்ரவரி), காரைக்குடியில் அழகப்பர் காலேஜ் தொடங்கிய வருடமா (1947) என்று முன்னும் பின்னும் முளை அடித்துக்கொண்டே வந்தால் இடைவெளி சுருங்கும்.

அழைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நகரத்தார் வீட்டு மூதாட்டியை ‘ஆச்சி’ என்பது சரி. பக்கத்துத் தெருவில் அதையே சொன்னால் யாரையோ கூப்பிடுவதாக நினைப்பார்கள். அங்கே அப்பத்தாவோ அம்மாச்சியோ, அந்த வீட்டுப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு அதையே சொல்லலாம். பெரியவர்களுக்கு ‘ஐயா’ எங்கும் பொருந்தும். ஊர்ப் பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு சின்ன வீட்டுக்குள் நுழைந்தால் கதவு திறக்கும், வாய் திறக்காது. முதல் நாள் அவர் அறிமுகம் செய்துவைக்கட்டும், ஒலிப்பதிவு மறுநாள் அவர் இல்லாமல்.

ஒலிப்பதிவுக்குப் பெரிய வீட்டின் வளவு (உள்முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) பார்க்க அழகு, கேட்க மோசம். ஆத்தங்குடி ஓடு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். புறா வேறு. மெத்தையும் துணிமணியும் அடைந்த சின்ன அறையில் ஜமுக்காளம் விரித்து, மின்விசிறியை நிறுத்தி, காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டினால் போதும். வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது சுருங்கியது. காலை பத்து மணியிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை. ஒரு மணி நேரப் பேச்சை வட்டார வழக்கு கெடாமல் எழுத்தில் இறக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று பொருள்.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டியது கடுதாசி வராத காலத்தைப் பற்றி. 1942 தொடக்கத்திலிருந்து 1945 கடைசி வரை மலாயாவுக்கும் பர்மாவுக்கும் தபால் அநேகமாக அறுந்து கிடந்தது. பெரிய வீட்டு ஆச்சிக்கும் சிப்பாய் வீட்டுப் பெண்ணுக்கும் இந்தக் காலம் மட்டும் ஒன்று போலக் கழிந்தது: தாலி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். யாரிடம் குறி கேட்டார்கள், பொட்டு வைத்துக்கொண்டார்களா, எந்த நகையை விற்றார்கள் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் கிடைக்காது. இங்கேதான் பர்மாவில் இன்னொரு குடும்பம் இருந்த செய்தியும் மெல்ல வெளிவரும். அதைப் பதியலாமா, எத்தனை வருடம் மூடி வைப்பது, பெயரை மாற்றுவதா என்பதை ஒப்புதல் தாளில் முன்கூட்டியே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ பெற வேண்டும். பேசி முடித்தபின் கேட்பது முறையல்ல.

வெளியூர்ப் பதிவுகளில் எதை எதிர்பார்க்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படைப் பதிவு அலுவலகம் மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டனில்; சாப்பர், பயனியர் பிரிவுகளுக்குப் பெங்களூருவில். ஓய்வூதியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவரின் பணித் தாள்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்பட்டிருக்கும், ‘லாங் ரோல்’ பதிவேட்டு வரி மட்டும் மிஞ்சும். படை எண் இல்லாமல் எழுதினால் பதில் எதிர்பார்க்க வேண்டாம். ஐ.என்.ஏ. தொடர்பான அரசுக் கோப்புகள் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த அச்சுச் செல்வம் சென்னை தரமணியில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பத்திரிகை பார்க்க அங்கே போகலாம்.

திரும்பாதவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் ரங்கூன் நினைவகத்தில் சுமார் 27,000, சிங்கப்பூர் கிராஞ்சியில் சுமார் 24,000. பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் ஜில்லாவும் சேர்ந்தே இருக்கும். ஆள் பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால் ஊர்ப் பெயரை அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாகப் போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தமிழில் பெயர்த்து எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். வாசிக்கும்போது ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கட்டும். முதல் தடவை சொல்லாமல் விட்டது பெரும்பாலும் அப்போதுதான் வரும்.